குளோபிடோக்ரெல் போடுபவருக்கு ஜீன் டெஸ்ட்: பெங்களூரில் எடுத்து முடித்த விதம்

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தவரின் ஃபைலில் எல்எஃப்டி என்ற கல்லீரல் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்று பெரும்பாலும் இருக்கும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் நார்மல் என்றதும், கல்லீரல் நன்றாக இருக்கிறது, மாத்திரையும் வேலை செய்யும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டும் கல்லீரல் செல்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கசிகிற என்சைம்கள். குளோபிடோக்ரெல் மாத்திரையை வேலை செய்கிற மருந்தாக மாற்றுகிற என்சைம்கள் வேறு. அவற்றை எல்எஃப்டி அளப்பதே இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்த என்சைமின் ஜீனைப் பார்க்கும் டெஸ்ட்டை பெங்களூர் அல்சூரில் இருந்துகொண்டு எடுத்து முடித்த வழி இது.

குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் மாத்திரை, விழுங்கும்போது வேலை செய்கிற நிலையில் இருப்பதில்லை. உள்ளே போனதில் சுமார் 85 சதவீதம் வேறொரு என்சைமால் உடைந்து வீணாகிறது. மிச்சம்தான் கல்லீரலில் இரண்டு படியாக மாறி, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிற மருந்தாகிறது. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு சிப்-2சி19 என்சைமுக்கு. அதன் ஜீன் பிறவியிலேயே பழுதாக இருந்தால், வேளை தவறாமல் போட்டாலும் போதிய மருந்து உருவாகாது; ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும் அபாயம் கூடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010இலேயே இதை மருந்துக் குறிப்பில் கட்டம் போட்ட எச்சரிக்கையாகச் சேர்த்தது. இந்த ஜீனின் வகைகளை நட்சத்திரமும் எண்ணும் போட்டுக் குறிப்பார்கள். *2 என்ற பழுது தெற்காசியர்களிடம் மிகச் சாதாரணம். இந்த ஜீனின் பிரதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அது இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது தேவையற்ற ஆடம்பர டெஸ்ட் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

கவுண்டரில் என்ன சொல்லிக் கேட்கிறோம் என்பது முக்கியம். ‘லிவர் என்சைம் டெஸ்ட்’ என்று கேட்டதற்கு ஒரு லேபில் மறுபடியும் எல்எஃப்டிக்கே பில் போட்டார்கள். டாக்டர் சீட்டில் ‘சிப்-2சி19 ஜீனோடைப்பிங், குளோபிடோக்ரெலுக்காக’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். *2, *3, *17 மூன்றையும் பார்ப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். *2 மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுத்தால் அது பாதி டெஸ்ட்.

வெறும் வயிறு தேவையில்லை. மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஜீன் மாத்திரையால் மாறாது, நிறுத்தினால் ஸ்டென்ட்தான் ஆபத்தில் மாட்டும். ரத்தம் 2 முதல் 3 மில்லி, ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூபில். பச்சை மூடி டியூபில் இருக்கும் ஹெப்பாரின், ஜீனைப் படிக்கிற பிசிஆர் முறையைக் கெடுக்கும், எடுப்பவர் கையில் எந்த மூடி என்று பார்த்துவிடுங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லுங்கள். கல்லீரல் மாற்று அறுவை செய்தவருக்கு இந்த ரத்த டெஸ்ட் வழிகாட்டாது: ரத்தத்தில் இருப்பது அவருடைய ஜீன், மருந்தை மாற்றுவதோ தானம் கொடுத்தவரின் கல்லீரல்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது ஒரே வரி. ஒரு சாய்கோடு, இரண்டு பக்கமும் நட்சத்திரமும் எண்ணும்: ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அப்பாவிடமிருந்து. *1/*1 என்றால் இயல்பு. *1/*2 என்றால் நடுத்தரம், என்சைமின் வேலை குறைவு. *2/*2, *2/*3, *3/*3 என்றால் என்சைம் கிட்டத்தட்ட வேலை செய்யாது. *17 வேகம் கூட்டுவது. ஆனால் *2/*17 வந்தால் இரண்டும் சரிக்கட்டிவிடும் என்று எண்ண வேண்டாம், அதுவும் நடுத்தரக் கணக்குதான். *1 என்று அச்சிட்டிருப்பதற்கு, தேடிய பழுதுகள் தென்படவில்லை என்றுதான் பொருள்.

எங்களுக்கு வந்தது *1/*2. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, நடுத்தரமாக இருந்தாலும் முடிந்தால் வேறு மருந்துக்குப் போவதே நல்லது என்கின்றன, ஜீனுக்கேற்ற மருந்து பற்றி வழிகாட்டும் சர்வதேசக் குழுவான சிபிஐசியின் 2022 வழிகாட்டுதல்கள். மாற்று இரண்டு. பிராசுக்ரெல் நாளுக்கு ஒரு வேளை 10 மில்லிகிராம். எடை 60 கிலோவுக்குக் கீழ் என்றால் 5. பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்தவருக்கு அது கூடாது, 75 வயதுக்கு மேல் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டிகாக்ரெலார் 90 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று; சிலருக்கு மூச்சு வாங்கும், சொல்லாமல் தானாக நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. டிகாக்ரெலாரோடு போடும் ஆஸ்பிரின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் மாதத்துக்குள் டிகாக்ரெலாருக்கு மாற்றினால், வழக்கமாக அதில் 180 மில்லிகிராம் லோடிங் டோஸ், அதாவது தொடக்கத்தில் ஒரே தடவை பெரிய டோஸ் உண்டு. எந்த நேரத்தில் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

ஜீன் நன்றாக இருந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில்தான். பெங்களூரில் வயிறு உப்பினாலும் எரிந்தாலும் எல்லாமே ‘கேஸ்ட்ரிக்’. “அண்ணா, கேஸ்ட்ரிக்குக்கு ஏதாவது குடுங்க” என்றால் ஓமெப்ரசோல் கேப்ஸ்யூல் கைக்கு வந்துவிடும். அதுவும் எசோமெப்ரசோலும் சிப்-2சி19ஐயே தடுப்பவை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று 12 மணி நேரம் தள்ளிப் போட்டாலும் பயனில்லை. “குளோபிடோக்ரெல் போடறாரு, ஓமெப்ரசோல் வேணாம், பான்டோப்ரசோல் இருந்தா குடுங்கண்ணா” என்று கேளுங்கள். கடைக்காரருக்குக் கன்னடம்தான் என்றால் ‘ரக்த தெளு மாடோ மாத்ரே தகோத்தாரே’ (ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறார்) என்றாலே புரிந்துகொள்வார். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோலும் இதே என்சைமைத் தடுக்கும்.

டிபிக்கான ரிஃபாம்பிசின் வந்தால் கணக்கே தலைகீழ். அது என்சைம்களைத் தூண்டிவிடும்: குளோபிடோக்ரெல் அதிகமாக வேலை செய்து ரத்தக்கசிவு கூடலாம், டிகாக்ரெலாரோ சிப்-3ஏ4 என்ற இன்னொரு என்சைம் வழியாகச் சீக்கிரம் கரைந்து பயனற்றுப் போகும். நெஞ்சு டாக்டரும் இதய டாக்டரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்க வேண்டிய இடம் இது. சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது கிரேப்ஃப்ரூட் ஜூஸ். அது குளோபிடோக்ரெல் மருந்தாக மாறுவதைக் குறைக்கும், டிகாக்ரெலார் அளவை ஏற்றும். தேவனஹள்ளியிலிருந்து வரும் சக்கோத்தா, நம் பம்ப்ளிமாஸ், அதன் நெருங்கிய உறவு. மாத்திரை போடும் காலத்தில் வீட்டில் அதையும் ஒதுக்கிவைத்தோம்.

இந்த ரிப்போர்ட் ஆயுளுக்கும் செல்லும், மறுபடி எடுக்க வேண்டாம். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல் போன்றவற்றுக்கும் இதே ஜீன்தான் கணக்கு. ஃபைலின் முதல் பக்கத்திலும் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது ஸ்டென்ட் என்றால், அதே தாய் தகப்பன் கொடுத்த ஜீன்கள் என்பதால், அவர்கள் டாக்டரிடமும் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.