குழந்தை யாரிடம் வளர்வது என்ற கஸ்டடி வழக்கு நடக்கும்போதே மகளுடன் டெக்சஸுக்கு மாறியது

கலிஃபோர்னியாவில் விவாகரத்து மனு போட்டால் கூடவே எஃப்எல்-110 என்ற சம்மன் வரும். அதன் பின்பக்கத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கணவன் மனைவியில் மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் குழந்தையை மாநிலத்தை விட்டு வெளியே கூட்டிப் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. மனு போட்டவரை அன்றைக்கே அது கட்டுப்படுத்தும். மற்றவரை, சம்மன் கைக்கு வந்ததிலிருந்து.

இந்தத் தடை இருக்கும்போதுதான் என் வேலை போனது. அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறொரு கம்பெனி நமக்காக மனு போட்டாக வேண்டும். எனக்குக் கிடைத்த ஒரே வேலை டாலஸில். மகளுக்கு ஏழு வயது. அவள் அப்பா சம்மதிக்கவில்லை.

"பேசாம கூட்டிட்டுப் போயிடு, ஆறு மாசம் அங்க இருந்தா கேஸும் அங்க மாறிடும்" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் கேட்டுவிடாதீர்கள். அந்த ஆறு மாதக் கணக்கு, வழக்கு தொடங்குவதற்கு முன் குழந்தை எங்கே வசித்தது என்பதற்கானது. கலிஃபோர்னியாவில் வழக்கு நடக்கும்போது டெக்சஸ் கோர்ட் அதில் கை வைக்காது. கஸ்டடி வழக்கை எந்த மாநில கோர்ட் விசாரிக்கலாம் என்று சொல்லும் யுசிசிஜேஇஏ சட்டம்தான் இரண்டு மாநிலத்திலும். தடையை மீறினால் கிரிமினல் வழக்கு வரலாம், கஸ்டடியே கையை விட்டுப் போகலாம்.

வக்கீல் எஃப்எல்-300 தாக்கல் செய்தார். ஜட்ஜிடம் உத்தரவு கேட்கும் படிவம் அது. விசாரணைக்குக் குறைந்தது 16 கோர்ட் வேலை நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டும், அதையும் நாமே கொடுக்க முடியாது. விசாரணைத் தேதிக்குள் விசா கெடு முடிந்துவிடுமோ என்று தூக்கமே போய்விட்டது. புதிய கம்பெனியிடம் நிலைமையை அப்படியே சொன்னேன். விசா மனுவை உடனே போட்டு, உத்தரவு வரும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் விட்டார்கள். அந்த மேனேஜரை நான் மறக்க மாட்டேன்.

விசாரணைக்கு முன் மீடியேஷன், அதாவது பெற்றோர் இருவரையும் வைத்து நடத்தும் சமரசப் பேச்சு, கட்டாயம். எங்கள் கவுண்டியில் அதை நடத்தும் ஆலோசகரே ஜட்ஜுக்குப் பரிந்துரையும் எழுதுவார். என் சம்பளம், அங்கே பார்த்து வைத்த பள்ளி, இதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரம் முழுக்க ஒரே கேள்விதான்: இவள் அப்பாவோடு எப்படி ஒட்டுதலாக இருப்பாள்? லாமுஸ்கா என்ற வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னதும் இதையொட்டித்தான் என்று வக்கீல் விளக்கியிருந்தார். தூரம், குழந்தையின் வயது, இரண்டு பேரோடும் அதற்கு இருக்கும் உறவு, பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிகிறதா, எதற்காகப் போகிறார் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

எனக்கு மகளின் அப்பா மேல் ஆயிரம் கோபம். ஆனால் பல் விழுந்தால் மகள் முதலில் அப்பாவிடம் காட்டத்தான் ஓடுவாள். அதை மனதில் வைத்துத்தான் டாலஸ் பள்ளியின் காலண்டரை அச்செடுத்து, அவருக்கான நாட்களைப் பச்சை நிறத்தில் அடித்துக் கொண்டுபோனேன். ஆலோசகர் அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் பேசினார். வீடியோ கால் மாலை ஏழுக்கு என்று எழுதியிருந்தேன். "டெக்சஸில் ஏழு என்றால் இங்கே ஐந்து, நான் மீட்டிங்கில் இருப்பேன்" என்றார் மகளின் அப்பா. சரி, எட்டு என்று மாற்றினோம். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் சண்டையில்லாமல் பேசி முடித்த முதல் விஷயம் அது.

மற்றதில் உடன்பாடு வரவில்லை, ஜட்ஜ்தான் முடிவு செய்தார். பள்ளி நாட்களில் என்னோடு, கோடை விடுமுறையில் பெரும்பகுதியும் ஸ்பிரிங் பிரேக்கும் அப்பாவோடு, குளிர்கால விடுமுறை வருடம் மாற்றி வருடம். விமான டிக்கெட் செலவு ஆளுக்குப் பாதி, கூடப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். இது இடைக்கால உத்தரவுதான், இறுதி விசாரணை பாக்கி இருக்கிறது.

டாலஸ் வந்ததும் உத்தரவின் சான்றளித்த நகலைப் பள்ளியில் கொடுத்தேன், இங்குள்ள கோர்ட்டிலும் பதிவு செய்தேன். அப்படிச் செய்து வைத்தால், சிக்கல் வரும்போது இங்கேயே அதை அமல்படுத்தக் கேட்கலாம். உத்தரவை மாற்ற வேண்டுமென்றால் மட்டும் கலிஃபோர்னியாவுக்குத்தான் போக வேண்டும். மகளின் அப்பா அங்கே வசிக்கும்வரை, அந்தக் கோர்ட்டே விட்டுக்கொடுத்தாலொழிய, வழக்கு அவர்களுடையதுதான்.