ஈயம் போன அண்டாவும் சுருங்கிப்போன பவளங்களும்

தை மாதம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நின்ற டோட்ஸ்டூல் பவளம், சித்திரை பிறந்தபோது எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஸெனியா என்ற இன்னொரு பவளம் மொத்தமாகக் கரைந்தே போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டில் கடல்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தொட்டி இரண்டாம் கட்டில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போகத் தண்ணீர் 160 லிட்டர் தேறும். இரண்டு கோமாளி மீன், ஒரு சுத்தக்கார இறால், நாலு டர்போ நத்தை. பவளங்கள் எல்லாம் மென்பவளங்கள்தான்: டோட்ஸ்டூல், ஸெனியா, மஷ்ரூம், ஸோவாந்திட். சென்னையில் தொட்டி வளர்க்கும் நண்பர் தன் பவளங்களிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றின் பக்கம் நான் போனதில்லை, போகவும் மாட்டேன்.

மாசியில் டோட்ஸ்டூல் மூடிக்கொண்டது. மேலே மெழுகு பூசியது போல ஒரு படலம். இந்த வகை அவ்வப்போது தோல் உரிக்கும். சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் மூடிக் கிடந்து படலத்தை உதறிவிட்டு விரியும். அதனால் கவலைப்படவில்லை. அலை பம்பை மட்டும் அதன் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன். மூன்று வாரமாகியும் விரியவில்லை.

அப்புறம் டெஸ்ட் கிட்டுகளை எடுத்தேன். உப்பு 35, காரத்தன்மை 8, கால்சியம் 420, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05. குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கைக் குறைத்துப் பார்த்தேன், பலனில்லை. மென்பவளங்கள் ஒன்றையொன்று அண்டவிடாமல் தண்ணீரில் ரசாயனம் கக்கும் என்பதால் அதை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் போட்டேன். அந்த வாரம் ஸோவாந்திட் கொஞ்சம் திறந்தது. இதுதான் காரணம் என்று நம்பிவிட்டேன். கார்பன் கொஞ்சம் உலோகத்தையும் பிடிக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. அந்த நம்பிக்கையில் ஒரு மாதம் வீணாயிற்று.

பங்குனிக் கடைசியில் வெயில் ஏறி, தொட்டி 30 டிகிரியைத் தொட்டது. தண்ணீர்ப் பரப்பில் படும்படி இரண்டு சின்ன விசிறி மாட்டினேன். சூடு 27-க்கு இறங்கியது. ஆனால் பவளங்கள் முன்னைவிட வேகமாக மோசமாயின. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து செத்தன. இறால் தோல் உரித்த மறுநாள் போய்விட்டது. மீன்கள் மட்டும் வழக்கம்போல ஓடியாடித் தின்றுகொண்டிருந்தன. முதுகெலும்பில்லாதவை எல்லாம் சாக, மீனுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றால் முதலில் செம்பைச் சந்தேகிக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் செம்புள்ள மருந்து எதுவும் நான் ஊற்றவில்லையே என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் ஆவியான அளவுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டார்கள்: "ஏன்யா, ஈயம் போன அண்டாத் தண்ணியவா மீனுக்கு ஊத்துற? களிம்பு ஏறியிருக்குமே. அதுல நாங்க மோர்கூட வைக்க மாட்டோம்."

கையில் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டு ஓட்டுக் கூரை நாலு பக்கமும் முற்றத்துக்குள் சரியும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரை விளிம்பில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் தர மூன்று லிட்டரைக் கழிவாக விடுவதைப் பார்க்க மனசு கேட்காமல், தை மாதத்திலிருந்து அந்த மழைத்தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். தண்ணீரில் கரைந்திருப்பதை மொத்தமாக அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 12 காட்டியது. அதற்கு மேல் என்ன சுத்தம் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான செம்பை அந்த மீட்டர் தனியாகக் காட்டாது. மழைத்தண்ணீரில் லேசான புளிப்புத்தன்மையும் உண்டு. ஈயப்பூச்சு தேய்ந்த பித்தளையில் மாதக்கணக்கில் நின்றால் செம்பும் துத்தநாகமும் கரைந்து இறங்கும்.

இன்னொன்று, ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். ஊற்றும் தண்ணீரோடு வரும் உலோகம் தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் செம்பு என்று வைத்துக்கொள்வோம். விசிறி ஓடியபோது தினமும் 4 லிட்டர் ஊற்றினேன். 30 நாளில் 12 மில்லிகிராம். 160 லிட்டரில் அது லிட்டருக்கு 0.075 மில்லிகிராம். மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்கு மருந்தாகத் தனித் தொட்டியில் வைக்கும் செம்பின் அளவே 0.15 முதல் 0.2 வரைதான். அதை மீன் தாங்கும். நத்தையும் பவளமும் அதற்கு வெகு கீழேயே தவித்துவிடும். சூட்டைக் குறைக்க நான் மாட்டிய விசிறிதான் விஷத்தை வேகமாக ஏற்றியிருக்கிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். ஒரு கண்ணாடி ஜாடியில் அண்டாத் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர், இரண்டிலும் பாலிஃபில்டர் என்ற வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு. இந்தப் பஞ்சு செம்பைப் பிடித்தால் நீலமாகும். மூன்றாம் நாள் அண்டா ஜாடித் துண்டு மயில்கழுத்து நிறத்துக்கு வந்திருந்தது. மற்றது வெள்ளையாகவே கிடந்தது.

அன்றைக்கே அண்டாத் தண்ணீரை நிறுத்தினேன். ஆர்ஓவோடு, மிச்சமிருக்கும் அயனிகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் சேர்த்து, பிளாஸ்டிக் டிரம்மில்தான் இப்போது பிடிக்கிறேன். கழிவுத் தண்ணீர் முற்றத்துச் செடிகளுக்குப் போகிறது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு 25 சதவீதம், பிறகு 15 சதவீதம் தண்ணீர் மாற்றம். ஒரேயடியாக மாற்றினால் நலிந்த பவளம் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். ஃபில்டரில் பாலிஃபில்டரும் புதுக் கார்பனும் வைத்தேன். முதல் பஞ்சு பத்து நாளில் நீலமானது, இரண்டாவது மூன்று வாரம் தாங்கியது. மூன்றாவது நீலமாகாமல் பழுப்பாக மட்டுமே ஆகியிருக்கிறது. பாறையிலும் மணலிலும் செம்பு ஒட்டியிருந்து மெல்ல வெளியே வரும் என்பதால் பஞ்சை இன்னும் எடுக்கவில்லை.

இப்போது ஆடி மாதம். ஸோவாந்திட் காலை விளக்கு போட்ட அரைமணியில் முழுக்கத் திறக்கிறது. மஷ்ரூம் ஒன்று பிரிந்து குட்டி போட்டிருக்கிறது. டோட்ஸ்டூலின் ஓரத்தில் கறுத்த பகுதியைச் சுத்தமான பிளேடால் வெட்டி எடுத்தேன். மிச்சம் போன வாரம்தான் இழைகளை நீட்டியது. பழைய அகலத்தில் பாதிகூட இல்லை, ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நண்பர் ஸெனியா துண்டு தருவதாகச் சொல்கிறார். அதற்கு முன் இரண்டு நத்தையை விட்டுப் பார்க்கிறேன். இன்றோடு 19 நாள், இரண்டும் கண்ணாடியில் ஏறி மேய்கின்றன. 40 நாள் தாண்டட்டும், அப்புறம் சென்னைக்குப் பஸ் ஏறுகிறேன்.