அறுபட்ட எட்டு வரிகள்

லத்தீன் நூல் பதிப்பிக்கும் குழுவில் வேலை என்றால், மொழிபெயர்க்கிறீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, நான் செய்வது ஒப்புநோக்கும் வேலை. திரையில் ஒரு பக்கம் அச்சுப் பதிப்பு, மறுபக்கம் கையெழுத்துப் பிரதியின் படம். எழுத்துக்கு எழுத்து பார்த்து, பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது, வருகிற இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டே போக வேண்டும். கண் வலிக்கும். ஆனாலும் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

என் பங்குக்கு வந்தவர் லுக்ரீஷியஸ். எல்லாம் அணுக்களால் ஆனவை என்று கிமு முதல் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ 7,400 வரிகளில் பாடிய ரோமானியக் கவிஞர். அவர் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. முழுமையாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை 9ஆம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டு. இரண்டும் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நீள வாக்கில் இருப்பது ஒப்லோங்குஸ், சதுரமாக இருப்பது குவாட்ராட்டுஸ்.

இவை தவிர, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதப்பட்டவை ஐம்பதுக்கு மேல் உண்டு. 1417இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சியோலினி ஒரு பழைய பிரதியைக் கண்டுபிடித்து நகல் எடுக்கச் செய்தார். அந்த வழியில் வந்தவை இவை. ஐம்பது பிரதிகள் ஒரு சொல்லைக் காட்டும்போது இரண்டை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் சொன்னதை ஐம்பது பேர் திருப்பிச் சொன்னாலும் சாட்சி ஒன்றுதானே! அந்தக் கூட்டத்துக்கே மூலம் ஒப்லோங்குஸ்தான் என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் முடிவு.

இந்த உறவைக் காட்டிக்கொடுப்பவை பிழைகள். சரியான சொல் எல்லாப் பிரதியிலும் இருக்கலாம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தற்செயலாக நேர முடியாத ஒரே தவறு ஒரே இடத்தில் இரண்டு பிரதிகளில் இருந்தால், இரண்டுக்கும் ஒரு பொது மூலம் இருந்திருக்க வேண்டும். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பார்கள். இந்த வேலைக்கு வந்தபின் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

முதல் பாகத்தின் 1068ஆம் வரிக்கு வந்தபோது அது இன்னும் உறுதியானது. எல்லாப் பொருள்களும் அண்டத்தின் மையத்தை நோக்கியே போகின்றன என்பவர்களை லுக்ரீஷியஸ் மறுக்கும் இடம் அது. ஒப்லோங்குஸில் 'செட் வானுஸ் ஸ்டோலிடிஸ் ஹைக்' என்று தொடங்குகிற வரி பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்தடுத்த வரிகளுக்கும் கடைசிச் சொற்கள் இல்லை, 1075 வரை இப்படித்தான். அப்புறம் பாட்டு ஒழுங்காக ஓடுகிறது. பிறகு 1094 முதல் 1101 வரை எட்டு வரிகள் அடியோடு இல்லை.

1068க்கும் 1094க்கும் இடையே 26. ஒப்லோங்குஸுக்கு மூலமாக இருந்த, பக்கத்துக்கு 26 வரி கொண்ட ஒரு பழைய ஏட்டில், ஒரே தாளின் மேற்பகுதி சேதமாகியிருக்கிறது. முன்பக்கத்தில் எட்டு வரிகளின் நுனி போயிற்று, பின்பக்கத்தில் எட்டு வரிகளும் போயின. இன்று இல்லாத அந்த ஏட்டின் பக்க அளவை, இப்படிப்பட்ட தடயங்களை வைத்தே ஜெர்மன் அறிஞர் கார்ல் லாக்மன் கணக்கிட்டார். அவருடைய பதிப்பு 1850இல் வந்தது. காணாத ஒரு தாளின் கிழிசல் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

அதைவிடப் பெரிது, பிரதி எடுத்தவரின் நேர்மை. ஏதாவது நாலு சொல் போட்டு யாப்பைச் சரிக்கட்டியிருக்கலாம். அவர் தெரிந்ததை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் லாக்மனுக்குத் தடயம் ஏது?

பின்னாளில் கேம்பிரிட்ஜ் அறிஞர் மன்ரோ, நுனி போன அந்த எட்டு வரிகளையும் தம் ஊகத்தால் நிரப்பினார். நல்ல லத்தீன்தான். மாணவர்கள் தடங்கலின்றிப் படிக்கட்டும், அதையே வரியோடு சேர்த்து அச்சிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் சத்தமாகவே வாதாடினேன். சரி, பாட்டில் விடுபட்ட இடத்தில் புள்ளிகள், மன்ரோ அடிக்குறிப்பில் என்று கடைசியில் முடிவாயிற்று.