மாவில் ஒரு மா

ஒரு பந்தயக் குதிரையில் இருபதில் ஒரு பங்கு எனக்குச் சொந்தம். பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் இருபதில் ஒன்றுக்கு மா என்று பெயர். பழந்தமிழில் குதிரைக்கும் மா என்றே பெயர். ஆகவே மாவில் ஒரு மாவுக்கு நான் உரிமையாளன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்வதற்கு மேல் இதுவரை எதுவும் நடக்கவில்லை, ஏனெனில் அந்தப் பெட்டைக் குதிரை இன்னும் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. இந்தக் காலத்தில் என் பங்குக்கு வந்தவை பெரும்பாலும் பில்கள்தான்: தீனிக்கும் லாயத்துக்கும் ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய லாடத்துக்கு ஒன்று, மருத்துவர் வந்துபோனால் தனியே ஒன்று. காது உனக்கா, வால் உனக்கா என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். குதிரையின் எந்த உறுப்பும் எவருக்கும் தனியே சொந்தமில்லை. முழுக் குதிரையின் செலவில் இருபதில் ஒன்று, என்றாவது பரிசுப் பணம் வந்தால் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் உரியது போக மீதியில் இருபதில் ஒன்று, அவ்வளவே.

பங்கு வாங்குகிறவர்கள் குதிரையின் வம்சாவளியைப் படிக்கும் ஆர்வத்தில் கால்பங்கைக்கூட ஒப்பந்தத்தைப் படிப்பதில் காட்டுவதில்லை; நானும் காட்டவில்லை. இருபது பங்குகளைப் பதினான்கு பேர் வைத்திருந்தோம். எட்டாவது மாதத்தில் ஒருவர் பணம் செலுத்துவதை நிறுத்தியபோதுதான், அவருடைய பாக்கியை யார் சுமப்பது, அவர் பங்கு யாருக்குப் போகும், குதிரையை விற்கவோ பெரிய அறுவை சிகிச்சை செய்யவோ எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் என்பவையெல்லாம் அந்தத் தாள்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன என்பதைக் கண்டேன். நல்லவேளையாக எங்கள் ஒப்பந்தம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. குதிரை இறந்தால் கிடைக்கும் காப்பீடு மட்டும் அதில் இல்லை. அதை அவரவர் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது.

வம்சாவளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இன்று உலகில் ஓடும் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் குதிரைகள் அனைத்தின் தந்தைவழியும் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடோல்பின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் முடிகிறது. அவற்றுள்ளும் மிகப் பெரும்பாலானவை 1764இல் பிறந்து, தோல்வியே அறியாமல் ஓய்வுபெற்ற எக்லிப்ஸ் என்ற குதிரை வழியாக டார்லி அரேபியனைச் சென்றடைகின்றன. எங்கள் குதிரையும் எக்லிப்ஸின் வாரிசு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பந்தயத்திலும் கடைசியாக வருகிற குதிரையும் அநேகமாக அதே வாரிசுதான் என்று பயிற்சியாளர் சிரிக்காமல் சொன்னார்.

எங்கள் குதிரை இன்னும் பந்தயத்தில் ஓடாததற்கு முதல் காரணம் நாட்காட்டி. வடக்கு அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்த நாள் ஆகஸ்ட் 1. பிப்ரவரியில் பிறந்த குட்டிக்கும் மே மாதக் கடைசியில் பிறந்த குட்டிக்கும் ஏட்டில் ஒரே வயது. தாய் வயிற்றில் ஏறத்தாழ பதினொரு மாதம் இருக்கிற உயிர் என்பதால், வளர்ப்பவர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்கும்படி கணக்குப் போடுகிறார்கள். எங்களுடையது மே மாதக் குட்டி. முழு வளர்ச்சி அடைந்த இரு குதிரைகளுக்கிடையே மூன்று மாத வித்தியாசம் ஒன்றுமே இல்லை. இரண்டு வயதில் அது மலையளவு.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது பின்புறம் முன்புறத்தைவிட உயர்ந்திருந்தது. இறங்குமுகமான பலகை மேல் நிற்பதைப் போல இருந்தது. இன்னும் வளர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார்கள். அதற்குள் கடிவாளத்துக்குப் பழகியிருந்தது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இயற்கையாக அமைந்த வெற்று ஈறில்தான் கடிவாள இரும்பு உட்காருகிறது. அதற்கு இடைஞ்சலாக முளைக்கும் சிறு பல்லை முன்பே பிடுங்கிவிடுகிறார்கள். பிறகு நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தே ஓட்டுவது, வெறும் சேணத்தைக் கட்டி விடுவது, ஒருவர் அதன் முதுகில் குறுக்காகக் கவிழ்ந்து படுத்து எடையை உணர்த்துவது, கடைசியாகத்தான் நிமிர்ந்து உட்காருவது. இவை சில வாரங்களில் முடிந்துவிட்டன. பெயர் வைப்பதுதான் இழுத்தது: இடைவெளியையும் சேர்த்துப் பதினெட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும், புழக்கத்தில் உள்ள பெயராகவோ புகழ்பெற்ற குதிரையின் பெயராகவோ இருக்கக் கூடாது. பதினான்கு பேர் ஒரு பெயருக்கு ஒத்துவருவது குதிரைக்கொம்பு என்று எழுதக் கை வருகிறது. குதிரையைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுகிறேன்.

உண்மையான தடங்கல் காலில் வந்தது. வேகப் பயிற்சி தொடங்கிய ஆறாவது வாரம் நான் லாயத்துக்குப் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். முன்னங்காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள நீண்ட எலும்பின் முன்பக்கத்தில் பயிற்சியாளர் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தார். பாதி தூரம்வரை குதிரை அசையவில்லை. ஓர் இடத்தில் விரல் பட்டதும் தோல் சிலிர்த்தது, காது பின்னால் மடிந்தது, கால் மடங்கிக் காற்றில் தொங்கியது. அவர் விரலை எடுத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தைத் தொட்டார், மறுபடியும் அதுவே. என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். மற்றக் காலைவிட அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

இளம் குதிரைகளுக்கு மிகச் சாதாரணமாக வரும் எலும்பு நோவு இது. எலும்பு கல்லல்ல, தன்மீது ஏறும் சுமைக்கேற்ப ஓயாமல் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் உயிருள்ள திசு. அதன் கட்டுமான வேகத்தைச் சுமையின் வேகம் முந்திவிட்டால் முன்பக்கத்தில் வீக்கமும் வலியும் காண்கின்றன; பொருட்படுத்தாமல் ஓட்டினால் விரிசல் விடலாம். மெதுவான நெடுந்தூர ஓட்டம் எலும்பை வேக ஓட்டத்துக்குத் தயார்செய்வதில்லை என்பதையும், குறுகிய தூரத்தை அவ்வப்போது வேகமாக ஓடவிட்டு, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே நல்லது என்பதையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நுனமேக்கர் செய்த ஆய்வுகள் காட்டின. மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் இல்லை. ஆனால் முழங்காலுக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு இன்னும் முழுமையாக மூடவில்லை. இரண்டு மாத ஓய்வு என்று முடிவாயிற்று.

அன்றிரவு பங்குதாரர்கள் தொலைபேசியில் கூடினோம். வலி தணிந்ததும் எளிய பந்தயம் ஒன்றில் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இதை மறைப்பதில் பொருளில்லை. எத்தனை மாதப் பணம் போயிருக்கிறது என்ற கணக்குதான் அப்போது என் மனதில் ஓடியதே தவிர, காலையில் என் விரலடியில் சிலிர்த்த தோல் நினைவுக்கு வரவில்லை. பயிற்சியாளர் குரலை உயர்த்தவில்லை. உங்கள் குதிரை, பந்தயத்துக்கு நுழைவு போடுவது உங்கள் விருப்பம், ஆனால் வேறு லாயத்திலிருந்து போடுங்கள் என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. ஒரு குதிரைக்குப் பதினான்கு முதலாளிகள் இருப்பதன் ஆபத்து அன்று எனக்கு உறைத்தது. தனியாளாக இருந்தால் பார்த்துப் பயந்திருப்பேன். பதினான்கு பேரில் ஒருவனாக இருக்கும்போது அந்தப் பயமும் பங்கு பிரிந்து சிறுத்துவிடுகிறது.

ஓய்வுக்குப் பின் மீண்டும் நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு நாலுகால் பாய்ச்சல். பாய்ச்சலில் ஒரு குதிரைக்கு ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. வாயால் அதனால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். வேலிக்கருகே நின்று கேட்டால், உருவம் மூடுபனியிலிருந்து வெளிப்படுவதற்கு முன்பே குளம்போசையோடு ஒன்றாகக் கட்டிய அந்த மூச்சுதான் முதலில் வந்து சேரும். ஓய்வாக நிற்கையில் நிமிடத்துக்கு முப்பது முதல் நாற்பது தடவை துடிக்கிற இதயம் அப்போது இருநூறைத் தாண்டியிருக்கும்.

பந்தயம் புறப்படும் இடத்தில் குதிரைகளை நிறுத்திவைக்கும் தொடக்கக் கூண்டுக்குப் பழக்குவதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின. முதலில் முன்கதவும் பின்கதவும் திறந்திருக்க நடந்து கடக்கவிட்டார்கள். பிறகு உள்ளே சற்று நிற்கவிட்டார்கள், பிறகு பின்கதவை மட்டும் சாத்தினார்கள். முன்கதவுகளை மின்காந்தம் பிடித்துவைத்திருக்கிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் வில்விசையால் அவை படாரென்று திறக்கின்றன. முதல் முறை அந்தச் சத்தத்துக்கு எங்கள் குதிரை வெளியே பாய்வதற்குப் பதிலாகப் பின்வாங்கியது. ஐந்தாவது முறை பக்கத்துக் குதிரையைப் பார்த்து அதோடு சேர்ந்து கிளம்பியது.

முதல் ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை முப்பத்தோரு குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற செக்ரடேரியட், 1972 ஜூலை 4 அன்று ஓடிய தன் முதல் பந்தயத்தில் புறப்பட்டவுடனேயே இடிபட்டு நான்காவதாக வந்தது. சீபிஸ்கட் முதல் பதினேழு பந்தயங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. மறுபக்கம் ஃபிராங்கெல் 2010 ஆகஸ்டில் முதல் ஓட்டத்திலேயே வென்று, பதினான்கு பந்தயங்களிலும் தோற்காமல் ஓய்வுபெற்றது. ஜப்பானின் ஹாரு உராரா 113 முறை ஓடி ஒருமுறையும் வெல்லாமலேயே நாடறிந்த குதிரையானது. மற்றப் பங்குதாரர்கள் இந்தப் பட்டியலிலிருந்து செக்ரடேரியட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இரகசியமாக ஹாரு உராராவையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது ஆறு பர்லாங், அதாவது சுமார் 1,200 மீட்டர் பந்தயம் ஒன்றுக்கு நுழைவு போடப்பட்டுள்ளது. இதுவரை வெல்லாத குதிரைகளுக்கானது. நேற்று கடைசி வேகப் பயிற்சி. எத்தனை நொடியில் ஓடியது என்று நான் கேட்டதற்குப் பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. வேகமாக ஓடிய மறுநாள் காலையில் அவர் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, தீனித் தொட்டியை. களைப்போ வலியோ இருந்தால் குதிரை தீனியை மிச்சம் வைத்துவிடும். இன்று காலை ஐந்தரை மணிக்குக் குதிரைக்காரர் எங்கள் எல்லோருக்கும் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். அதில் குதிரை இல்லை. நக்கித் துடைத்த தொட்டியின் அடிப்பகுதியும், ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு ஓட்ஸ் மணியும் இருந்தன.