கண்ணாடியில் எழுதிய 'அ'

ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு காரைக்குடி போயிருந்தேன். எங்கள் வீட்டுப் பட்டாலைத் தரையில் ஐந்து கல் பெயர்ந்து கிடந்தது. அதே பூப்போட்ட கல் கிடைக்குமா என்று பார்த்து வர, அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கல் செய்கிற ஊரான ஆத்தங்குடிக்குக் கிளம்பினேன். அவளுக்கு ஏழு வயது.

சின்ன வயதில் அந்தக் கல்லில்தான் குப்புறப் படுத்துக் கிடப்பேன். மே மாத வெயிலிலும் வயிறு சில்லென்று இருக்கும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு ஆந்தை முழிப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அதே இடத்தில் நின்று, சதுர அடிக்கு என்ன விலை ஆகும் என்று கணக்குப் போட்டேன். இருபது வருஷமாகக் கணக்குப் பார்க்கும் வேலை, வேறென்ன தோன்றும்!

பட்டறையில் சூளையெல்லாம் கிடையாது. ஒரு சதுரக் கண்ணாடி, சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத்தில் தகட்டு அச்சு, அவ்வளவுதான். சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் கரைத்த குழம்பை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் விட்டு, அச்சை அசங்காமல் தூக்குகிறார்கள். ஒரு நிறம் இன்னொன்றோடு கலப்பதில்லை. அதன்மேல் காய்ந்த சிமெண்டு, மணல், அப்புறம் ஈரக் கலவை. தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்த பிறகு கண்ணாடி கழன்று வரும், பளபளப்பும் அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். அதுவரை செய்கிறவர் பார்ப்பது கல்லின் முதுகை மட்டும்.

"ஆச்சி, நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றார் அங்கிருந்த பெரியவர்.

எந்த அச்சு, எந்தக் கலருக்கு எது பொருந்தும், வீணாய்ப்போனால் காசு தரவேண்டுமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சின்னவள் அச்சே இல்லாமல் சிவப்பின்மேல் மஞ்சளை ஊற்றிவிட்டாள்.

"அத்தை, இது யானை."

யானை மாதிரி எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே பாம்பானது, அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையாகவே. நானும் அச்சைத் தள்ளி வைத்தேன். கரண்டி நுனியில் கறுப்பை ஒழுகவிட்டு ஒரு பெரிய 'அ' போட்டு, சுற்றிலும் பச்சையை நிரப்பினேன். கை நடுங்கியது, புடவையெல்லாம் கறை, மணி மூன்றானதும் சாப்பிடவில்லை என்பதும் அப்புறம்தான் உறைத்தது. பெரியவர் ஏனோ சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வாரம் கழித்துக் கல்லை வாங்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. 'அ' இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

"அத்தைக்கும் எழுதத் தெரியலை!" சின்னவளுக்குப் பிடிபடாத சந்தோஷம். அவளும் இப்படி எழுதித்தான் டீச்சரிடம் திட்டு வாங்குவாளாம்.

ஐந்து இடத்துக்குப் பூக்கல் மூன்றுதான் வாங்கினேன். அண்ணன் மதுரைக்குப் போயிருந்த அன்று கொத்தனாரை வரச் சொன்னோம். அந்த இரண்டு கல்லின்மேலும் இப்போதைக்கு ஒரு முக்காலி நிற்கிறது.