சீட்டைத் திருப்பு, ஸ்குவாட் போடு

உடற்பயிற்சியை விளையாட்டாக்குவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது செயலிதான். இன்றைக்கு 50 புள்ளி, நாளைக்கு ஒரு பதக்கம், "ஏழு நாள் விடாமல் வந்துவிட்டீர்கள், சபாஷ்!" என்று ஓர் அறிவிப்பு. செய்வது என்னவோ அதே சலிப்பான இருபது புஷ்-அப். மேலே ஜிகினா ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

2016-இல், தெருவில் நடந்து நடந்து கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போகிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு வந்த புதிதில், அதை விளையாடிய அமெரிக்க இளைஞர்களின் நடையைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. முதல் வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 955 காலடி கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டார்கள். அதற்காக விளையாட்டே உதவாது என்று தள்ளிவிட வேண்டியதில்லை. புதுமையின் ஆயுள் ஒரு மாதம்தான் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும். கூடவே, ஆட்டம் பயிற்சிக்குள்ளேயே இருக்க வேண்டும்: அடுத்து வருவது என்னவென்று தெரியக்கூடாது, முடியும் இடம் மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்த இரண்டும் சேர்ந்த எளிய கருவி ஒரு சீட்டுக்கட்டு. நான்கு வகைச் சீட்டுக்கு நான்கு பயிற்சி. ஹார்ட்டின் வந்தால் ஸ்குவாட், அதாவது நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்கி இறங்கி எழுவது. டைமன் வந்தால் புஷ்-அப். தரையில் முடியாதவர்கள் மேசை விளிம்பையோ சுவரையோ பிடித்துச் செய்யலாம். கிளாவருக்கு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்குவது. ஸ்பேடுக்கு முழங்காலை உயர்த்தி நின்ற இடத்திலேயே ஓட்டம், வலதும் இடதும் சேர்ந்து ஒன்று. கட்டைக் கலைத்துக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். சீட்டில் உள்ள எண்தான் எத்தனை முறை என்பது.

முழுக்கட்டோடு தொடங்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. படச்சீட்டுக்குப் பத்து, ஏஸுக்குப் பதினொன்று என்று வைத்தால் ஒரு வகைக்கு 95, மொத்தம் 380 முறை. பழக்கமில்லாதவர் மறுநாள் படி இறங்க முடியாமல் தவிப்பார், அதோடு கட்டு அலமாரிக்குப் போய்விடும். முதல் வாரத்துக்கு 2 முதல் 6 வரையுள்ள 20 சீட்டு போதும். வகைக்கு 20 வீதம் மொத்தம் 80 முறைதான். அடுத்த வாரம் நான்கு 7-களையும் சேர்த்தால் 108 ஆகிவிடும். அது பெரிய தாவல் என்று பட்டால் இரண்டு 7 மட்டும் சேர்க்கலாம். இப்படியே 10 வரை ஏறினால் மொத்தம் 216. பலருக்கு அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

கலைத்த கட்டில் ஒரே வகை மூன்று நான்கு தொடர்ந்து வருவதும் உண்டு. டைமன் அப்படி வந்தால் கை துவண்டு, முதுகு தொய்ந்து, புஷ்-அப் கோணலாகிவிடும். அதற்கு ஒரு விதி: ஒரே வகை தொடர்ந்து மூன்றாவது முறை வந்தால் அந்தச் சீட்டு கட்டின் அடிக்குப் போகும். தள்ளிப்போடலாம், தப்பிக்க முடியாது.

இதையே பகடையிலும் ஆடலாம், ஆனால் சீட்டுதான் மேல். சீட்டில் அதிர்ஷ்டம் வரிசையை மட்டும் மாற்றுகிறது, மொத்த வேலை மாறுவதில்லை. பகடையில் வேலையே கூடிக் குறையும். இரண்டு பகடையை இருபது தடவை உருட்டினால் சராசரியாக 140 வரும் என்றாலும், சோம்பலான நாளில் சின்ன எண்ணுக்காக மறுபடி உருட்டத் தோன்றும். தவிர, குறைந்துகொண்டே வரும் சீட்டுக்கட்டு இன்னும் எவ்வளவு பாக்கி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பகடைக்கு அந்த வாய் கிடையாது.

துணைக்கு ஆள் இருந்தால் வேறு சிக்கல். ஒருவர் வேகம், மற்றவர் மெதுவு. நாலு தடவை தோற்றவர் ஐந்தாவது தடவை வரமாட்டார். அதற்கு நேரம் வைத்துத் திரும்பும் ஓட்டம் சரியாக வரும். எல்லோரும் ஒரே இடத்தில் புறப்பட்டு, பத்து நிமிடம் அவரவர் வேகத்தில் ஓடவோ நடக்கவோ வேண்டும். அலாரம் அடித்ததும் நின்ற இடத்திலிருந்தே திரும்ப வேண்டும். வேகமானவர் தூரம் போயிருப்பார், மெதுவானவர் பக்கத்திலேயே இருப்பார். போன வேகத்திலேயே திரும்பினால் எல்லோரும் 20-ஆவது நிமிடத்தில் ஒன்றாக வந்து சேர்வார்கள். பிந்தி வருபவர் போகும்போது அவசரப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். சீக்கிரம் வருபவர் பதுங்கியிருக்கிறார். 20-ஆவது நிமிடத்துக்கு மிக அருகில் வந்தவருக்கே வெற்றி. பத்து வயதுப் பிள்ளை மாரத்தான் ஓடுபவரை வெல்ல முடிகிற ஓட்டம் இது.

தனியாக ஓடுபவர்களுக்கு ஃபார்ட்லெக் இருக்கிறது. 1930-களில் ஸ்வீடன் பயிற்சியாளர் யோஸ்தா ஹோல்மர் வகுத்தது. அந்தக் கம்பம் வரை வேகம், அந்த வளைவு வரை மெதுவு என்று ஓடும்போதே முடிவு செய்துகொள்ளலாம். கடிகாரம் வேண்டாம்.

ஸ்கிப்பிங் கயிற்றில் தோற்பதற்குப் பாதிக் காரணம் கயிற்றின் நீளம். கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து இழுத்துப் பிடித்தால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமென்றால் கயிறு தரையில் மடங்கிக் காலைத் தட்டும். மீதிக் காரணம், தேவைக்கு மேல் குதிப்பது. கயிறு நுழைய ஓர் அங்குலம் போதும். எம்பி எம்பிக் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்போரம் வலி எடுக்கும். 20 விநாடி குதித்து 40 விநாடி ஓய்வு, ஐந்து சுற்று. கயிறு தட்டினால் அந்தச் சுற்று அதோடு சரி, மறுபடி தொடங்கக்கூடாது. இந்தச் சின்னத் தண்டனைதான் கவனத்தைக் கட்டிப்போடுகிறது.

செயலிகள் சொல்லும் தினசரித் தொடர்ச்சியை நம்ப வேண்டாம். 40 நாள் விடாமல் வந்தவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து எண் பூஜ்யமானால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க மனம் வராது. வாரக்கணக்கு வைப்பது மேல். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னதும் வாரக்கணக்குதான்: மிதமான உடலுழைப்பு குறைந்தது 150 நிமிடம், தசைகளுக்கான பயிற்சி இரண்டு நாள். சீட்டு ஆட்டம் இரண்டு நாள், ஓட்டமோ நடையோ மூன்று நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை ஆட்டத்தில் ஒன்றை மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும். கிளாவரின் பயிற்சியை மாற்றலாம், அல்லது இரண்டு ஜோக்கரைச் சேர்த்து அவற்றுக்கு ஒரு நிமிட ஓய்வு கொடுக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் முன்னேறியிருக்கிறோமா என்றே தெரியாமல் போகும்.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆட்ட மும்முரத்தில் வலி உறைக்காது. தனியாகச் செய்யும்போது முழங்கால் சுருக்கென்றால் நிறுத்துகிறவர், எதிரில் ஆள் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வார். அதனால் எந்த ஆட்டமானாலும், யார் வேண்டுமானாலும் "டைம்" கேட்டு நிற்கலாம், காரணம் கேட்கக்கூடாது, புள்ளியும் போகாது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த ஆட்டம் கிடையாது.