ச எங்கே? (ஒரு பேஸ் கிட்டார் வாசிப்பவனின் நாட்குறிப்பு)

ஜூன் 2, 2024, ஞாயிறு

ஒத்திகையில் இன்று மானம் போனது. ஷிக் குழுவின் 1979-ஆம் வருடத்து ‘குட் டைம்ஸ்’ எடுத்தோம். பேஸ் வாசிப்பவன் எவனும் தப்ப முடியாத பாட்டு. பெர்னார்ட் எட்வர்ட்ஸ் அதில் வாசித்ததை இன்றுவரை யாராவது ஒருவர் எடுத்து ஆண்டுகொண்டுதான் இருக்கிறார்.

கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, இரண்டே இரண்டு. ஈ மைனர் செவன்த், அப்புறம் ஏ. ஸ்வரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப், டி. இரண்டு ஷார்ப் (அரைப்படி ஏறிய ஸ்வரம்) வந்தால் டி மேஜர், அதாவது டிதான் ச, என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கும். தாளின் தலையில் பெரிதாக ‘டி மேஜர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நடுவில் எனக்கென்று கொஞ்சம் இடம் விட்டார்கள். உற்சாகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கொண்டுபோய் டியில் இறக்கினேன். மூன்றாவது சுற்றில் கீபோர்டுத் தம்பி கையை எடுத்துவிட்டான். “அண்ணே, எங்க போய் உக்கார்றீங்க? எல்லாரும் இங்க இருக்கோம்.”

ஒரு ஸ்வரம்கூட தப்பில்லை. ஆனாலும் எல்லாமே தப்பாகக் கேட்டது. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

பாட்டைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். டி மேஜர் என்றால் ஏ செவன்த் வந்தவுடன் காது டிக்காகக் காத்திருக்க வேண்டும். மேற்கத்திய சங்கீதத்தில் சுருதியை நிலைநாட்டுகிற வேலையே அதுதான்: ஐந்தாம் கார்டு இழுத்துப் பிடிக்கும், முதல் கார்டு விடுவிக்கும். இங்கே ஏ வந்ததும் விடுதலை எதுவும் கிடையாது. மறுபடி ஈ மைனர்தான். டி வழியில் நிற்கிற ஆள் மாதிரி, தோளில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, இழுப்பும் விடுப்பும் இல்லையென்றால் எது ஆதாரம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? ஃபங்கில், அதாவது தாளத்தை முன்னால் நிறுத்துகிற அமெரிக்கக் கறுப்பின நடன இசையில், அதற்குப் பதில் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் இருக்கிறது. 1970 மார்ச்சில் பழைய வாத்தியக்காரர்கள் விலகிக்கொள்ள, சின்சினாட்டியிலிருந்து ஒரு பையன்கள் குழுவை அவசரமாக வரவழைத்தார் பிரவுன். அதில் பேஸ் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு அப்போது 18 வயது. கிட்டாரில் அவர் அண்ணன் கேட்ஃபிஷ். என்ன வேண்டுமானாலும் வாசி, ‘ஒன்’னை மட்டும் எனக்குக் கொடு என்பதுதான் பிரவுன் தனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று பூட்ஸி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘ஒன்’ என்றால் நம் கணக்கில் சமம். சுற்றின் முதல் அடி.

இதை இத்தனை நாளும் தாள விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ‘குட் டைம்ஸ்’ கேட்கும்போதுதான் உறைத்தது: சுருதியும் அதில்தான் இருக்கிறது. சமத்தில் பேஸ் எதை வைக்கிறதோ அது ச. எட்வர்ட்ஸ் அங்கே ஈயை வைக்கிறார், அதையும் மூன்று தடவை, சந்தேகமே வராதபடி. நான் அதே இடத்தில் டியை வைத்து ஐந்து பேரை அலைக்கழித்திருக்கிறேன்.

ஜூன் 8, சனி

சித்தி வந்திருந்தார். நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். நான் அறையில் ஈ, ஏ என்று தேய்த்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

“ச எங்கடா?”

“அதுதான் சித்தி பிரச்சினையே.”

“மூணு கட்டைல ச வெச்சா கரகரப்ரியா. ஆறு கட்டைல வெச்சா அரிகாம்போதி. ரெண்டு கட்டைல வெச்சா சங்கராபரணம். கிரக பேதம்டா, இதுக்கா ஒரு வாரமா முழிக்கிறே?”

கிரக பேதம் என்றால் அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு சவை மட்டும் நகர்த்துவது. மூணு கட்டை ஈ, ஆறு கட்டை ஏ, ரெண்டு கட்டை டி. எங்கள் பாஷையில் ஈ டோரியன், ஏ மிக்ஸோலிடியன், டி மேஜர். மூன்றையும் புடவை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ‘அப்போ ஃபங்க் எல்லாம் கரகரப்ரியாதான்’ என்று நான் வாய் திறந்ததும் கோபம் வந்துவிட்டது. “அப்படிச் சொல்லாதே. பிடி எங்கே, கமகம் எங்கே? உன்னுது வெறும் ஏழு ஸ்வரம்.” நியாயம்தான். ராகத்துக்கே உரிய சொற்றொடர்களும் ஸ்வர அசைவுகளும் இதில் ஏது?

ஜூன் 9, ஞாயிறு

இன்று ‘கமீலியன்’. ஹெர்பி ஹேன்காக், 1973, ‘ஹெட் ஹன்டர்ஸ்’ தொகுப்பு. எல்லாருக்கும் தெரிந்த அந்த பேஸ் வரிசை பேஸ் கிட்டாரே இல்லை, ஹேன்காக் ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தது. கீபோர்டுத் தம்பி அதைத் தானே வாசிக்கிறேன் என்று அடம்பிடித்தான். விடவில்லை.

விரலுக்கு இதைவிட இனிப்பான வரிசை கிடையாது. தடிமனான ஈ கம்பியில் 3, 4, 5 என்று ஏறி 6-இல் உட்கார வேண்டும்: ஜி, ஏ ஃபிளாட் (ஃபிளாட் என்றால் அரைப்படி இறங்கியது), ஏ, அப்புறம் பி ஃபிளாட். அடுத்த கார்டுக்கு அதே விரல், அதே எண்கள், பக்கத்துக் கம்பி: சி, டி ஃபிளாட், டி, அப்புறம் ஈ ஃபிளாட். கார்டும் ‘குட் டைம்ஸ்’ மாதிரியேதான், பி ஃபிளாட் மைனர் செவன்த், ஈ ஃபிளாட் செவன்த். மறுபடி டோரியன்.

இதில் ஒரு வேடிக்கை. பி ஃபிளாட் டோரியனில் ஏ கிடையாது, டியும் கிடையாது. பாட்டின் முகமே இந்த இரண்டு அந்நிய ஸ்வரங்களும்தான், ஆனாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. இரண்டும் சமத்துக்கு முன்னால் படியேறும்போது வருகின்றன. பி ஃபிளாட்டோ சமத்தில் பாறாங்கல் மாதிரி விழுகிறது. போன வாரம் நான் பாட்டுக்குச் சொந்தமான டியை வைத்து எல்லாவற்றையும் கெடுத்தேன். இங்கே சம்பந்தமே இல்லாத டி ஜோராகக் கேட்கிறது.

தப்பு வேறு இடத்தில் வந்தது. நானாக வாசித்த ஒரு துண்டில் ஜிக்குப் பதில் ஜி ஃபிளாட் போட்டுவிட்டேன். சாதாரண மைனரின் பழக்கம். ஈ ஃபிளாட் செவன்த்தின் உயிரே ஜிதான், அதன் மேஜர் மூன்றாவது அது. அரைப்படி கீழே போனதும் கொண்டாட்டம் போய், வீட்டில் ஏதோ துக்கம் மாதிரி ஆகிவிட்டது. டோரியனுக்கும் சாதாரண மைனருக்கும் இந்த ஆறாவது ஸ்வரம் ஒன்றில்தான் வித்தியாசம். ஃபங்க் மைனர்களில் பாதிக்கு அழுகை வராமல் இருப்பது இதனால்தான் என்பது என் கட்சி.

ஜூன் 12, புதன்

சாக்ஸஃபோன்காரர் குழுவில் சேர்ந்திருக்கிறார். வந்த அன்றே, ஈயில் உள்ள பாட்டெல்லாம் ஈ ஃபிளாட்டுக்கு வரட்டும் என்றார். அவர் கஷ்டம் புரிகிறது. ஆல்ட்டோ சாக்ஸில் ஸ்வரப் பெயர்கள் இடம் மாறி எழுதப்படும்: நம் ஈ ஃபிளாட் அவருக்கு சி, ஒரு ஷார்ப்பும் கிடையாது. நம் ஈ அவருக்கு சி ஷார்ப், ஏழு ஷார்ப். பேஸுக்கு நேர் எதிர். திறந்த ஈ கம்பிதான் என் அடித்தளம், 41 ஹெர்ட்ஸ் சொச்சம். அதற்கு அரைப்படி கீழே ஈ ஃபிளாட் என்று ஒன்று என் வாத்தியத்தில் இல்லவே இல்லை. ஏ கம்பியில் ஆறாம் கட்டத்தில் தொடங்க வேண்டும். கீழே திரும்பிப் பார்த்தால் கிணறு.

ஆனால் ஃபங்க் ஈ ஃபிளாட்டில் நிரம்பிக் கிடக்கிறது. பிரவுனின் ‘செக்ஸ் மெஷின்’ (1970) ஈ ஃபிளாட்டில் நகராமல் நின்று, பிரிட்ஜ் என்ற நடுப்பகுதிக்குப் போகலாமா என்று ஊரையே கேட்டுவிட்டுத்தான் ஏ ஃபிளாட்டுக்கு நகர்கிறது. ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) ஈ ஃபிளாட் மைனர். அவர் வாசித்த கிளாவினெட் என்ற கீபோர்டுக்கு முன் உட்கார்ந்து பார்த்தால் ஏன் என்று புரியும்: ஈ ஃபிளாட்டிலிருந்து கருப்புக் கட்டைகளை மட்டும் தட்டிக்கொண்டே போனால் ஐந்து ஸ்வர மைனர் பென்டடானிக் முழுசாக வந்துவிடும். சித்தியிடம் போனில் சொன்னேன். “ரெண்டரைக் கட்டை சுத்த தன்யாசி. அதே கருப்புல நாலரைல ஆரம்பிச்சா மோகனம்” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தப் பாட்டின் பேஸையும் வொண்டரே மூக் சிந்தசைசரில் வாசித்துவிட்டார். அவருக்குத் திறந்த கம்பிக் கவலை இல்லை.

சரி என்று நாலு கம்பியையும் அரைப்படி இறக்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

இறக்கியதை ஏற்ற மறந்துவிட்டேன். லாரி கிரஹாம் என்ற பேஸ்காரர், ‘ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்’ குழுவில் 1969 கடைசியில் கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசித்த ‘தேங்க் யூ’ எடுத்தோம். அது அப்பட்டமான ஈ பாட்டு. நான் திறந்த கம்பியைக் கட்டைவிரலால் ஓங்கி அடித்தேன், ஈ ஃபிளாட் வந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இந்தப் பாட்டை மட்டும் ஈயை விட்டு நகர்த்த மாட்டேன் என்று சாக்ஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். கிரஹாம் இந்த வாசிப்புக்கு வந்ததே டிரம்ஸ் இல்லாததால்தான். அம்மா டெல்லுடன் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் இல்லாமல் போன பிறகு கட்டைவிரல் அடியைப் பெரிய டிரம்முக்கும், சுண்டுவதை ஸ்நேர் என்ற சின்ன டிரம்முக்கும் பதிலாக வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய டிரம் அடிக்குத் திறந்த கம்பி அதிர வேண்டும். விரல் வைத்து அழுத்திய ஸ்வரத்துக்கு அந்த வயிறு வராது.

ஜூன் 20, வியாழன்

‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’, த மீட்டர்ஸ், நியூ ஆர்லியன்ஸ், 1969. சி செவன்த் மேல் ஈயும் ஈ ஃபிளாட்டும் ஒன்றாக உரசும். மேஜரா மைனரா என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் சொல்ல முடியும். அவர்களின் பேஸ்காரர் ஜார்ஜ் போர்ட்டர் சண்டையில் தலையிடுவதில்லை, கீழே சியைப் பிடித்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறார்.

சியை ச என்று வைத்துக்கொண்டு, தாய் ராகங்களின் மேளகர்த்தா அட்டவணையைப் புரட்டினேன். ஷட்ஸ்ருதி ரிஷபம் (ஈ ஃபிளாட்), அந்தர காந்தாரம் (ஈ) பக்கத்தில் பக்கத்தில், கூடவே கைசிகி நிஷாதம்: 34-ஆம் மேளம், வாகதீஸ்வரி. சித்தியிடம் இதைச் சொல்லவில்லை. திட்டு விழும்.

ஜூன் 23, ஞாயிறு

மறுபடி ‘குட் டைம்ஸ்’. தாளில் ‘டி மேஜர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஈ’ என்று மட்டும் எழுதியிருந்தேன். மேஜரா மைனரா என்று சாக்ஸ்காரர் கேட்டார். முதல் அடியைக் கேளுங்கள் என்றேன், கொஞ்சம் திமிராகத்தான்.

எனக்கு விட்ட இடத்தில் இந்தத் தடவை ஸ்வரத்தைக் குறைத்துக்கொண்டேன். சமத்தில் ஈ. சி ஷார்ப்பை ஏ வரும்போது ஒரு தடவை தொட்டேன், அவ்வளவுதான். நடுவில் தைரியம் வந்து டியையும் வேண்டுமென்றே போட்டேன், சமத்துக்கு அரை எண்ணிக்கை முன்னால். கீபோர்டுத் தம்பி கையை எடுக்கவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

பதிவை ராத்திரி சித்திக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் குரல் செய்தி: “நல்லாருக்கு. ஆனா நாலாவது ஆவர்த்தனத்துல சமத்தை விட்டுட்டே.”

போட்டுக் கேட்டேன். விட்டுத்தான் இருக்கிறேன்.